கையில் கயிறு: பையன் யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டான்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். மகன் ஒன்பதாம் வகுப்பு. ஆறு மாதமாக வலது மணிக்கட்டில், என்ன சாதி என்று காட்டும் கலர் கயிறு கட்டியிருக்கிறான். பேச்சில் "நம்ம பசங்க", "அவனுங்க" என்று இரண்டு வார்த்தை புதிதாகச் சேர்ந்திருக்கிறது. வீட்டில் யாரும் சாதி பேசுவதே இல்லை, அப்படியிருக்க இது எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்கள். பி.எட். படிக்கும் உங்கள் தங்கை "இது பண்டூரா சொன்ன பார்த்துக் கற்றல்" என்கிறார், அவருடைய தோழி "இல்லை, டாஜ்ஃபெல் சொன்ன குழு அடையாளம்" என்கிறார், இந்த இரண்டு உளவியலாளர் சொன்னதில் எது சரி என்பது உங்கள் கடைசி வரி. ஆனால் அந்த வரிக்குப் பின்னால் இன்னொரு கேள்வி நிற்பதாக எனக்குத் தோன்றுகிறது: இதில் என் தப்பு ஏதாவது இருக்கிறதா? இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் உளவியல் படித்தவன். பத்தொன்பது வருஷம் பள்ளிகளில் மாணவர் ஆலோசகராக இருந்தேன், பெரும்பாலும் தென்மாவட்டங்களில். கயிறு கட்டிய பையன்கள் எனக்குப் புதிதில்லை. உங்கள் பையனை நான் பார்த்ததில்லை, அதனால் கீழே சொல்வதை அவனைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் பண்டூரா. கனடாவில் பிறந்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர், 2021இல்தான் இறந்தார். 1961இல் வந்த அவருடைய பொம்மைச் சோதனையை உங்கள் தங்கை பாடத்தில் படித்திருப்பார். பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியிலிருந்து 72 குழந்தைகள். தட்டினால் சாய்ந்து மறுபடி எழுந்து நிற்கும் காற்றடைத்த பொம்மை ஒன்று. பெரியவர் ஒருவர் அதை மரச்சுத்தியலால் அடிக்கிறார், உதைக்கிறார், கூடவே சில வார்த்தைகளும் சொல்கிறார். அதைப் பார்த்த குழந்தைகள் பிறகு அதே மாதிரி அடித்தார்கள், அதே வார்த்தைகளையும் சொன்னார்கள். எல்லோரும் சொல்லும் கதை இதோடு முடிந்துவிடும். உங்களுக்கு வேண்டியது 1965இல் அவர் செய்த அடுத்த சோதனை. இந்த முறை 66 குழந்தைகள், ஒரே படம், முடிவு மட்டும் மூன்று விதம். ஒன்றில் பொம்மையை அடித்தவருக்குப் பாராட்டும் தின்பண்டமும் கிடைக்கிறது. ஒன்றில் திட்டும் அடியும். மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. திட்டு வாங்கியதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே நடித்துக் காட்டினார்கள். சரி, எதிர்பார்த்ததுதான். அப்புறம் சோதனை நடத்தியவர் உள்ளே போய், "படத்தில் பார்த்ததைச் செய்து காட்டு, ஸ்டிக்கரும் ஜூஸும் தருகிறேன்" என்றார். மூன்று கூட்டத்துக்கும் இருந்த வித்தியாசம் போய்விட்டது. சும்மா இருந்த குழந்தைகளும் எல்லாவற்றையும் கற்றுத்தான் வைத்திருந்தார்கள், வெளியே காட்ட அதுவரை காரணம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

கற்பது ஒரு வேளை, செய்வது இன்னொரு வேளை. நடுவில் வருஷக்கணக்கில் இடைவெளி இருக்கலாம். "ஆறு மாதமாகத்தான் இப்படி" என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு இந்தச் சோதனைதான் ஞாபகம் வந்தது. ஆறு மாதம் முன்பு அவன் செய்ய ஆரம்பித்தான். கற்றது எப்போது என்பது வேறு கணக்கு.

"வீட்டில் சாதி பேசுவதில்லை" என்று சொல்லாத பெற்றோரை நான் பார்த்ததே இல்லை. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மகளுக்கு ஏழு வயது இருக்கும்போது ஒருநாள், பழைய டிவி ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டு ஃபோன் பேசி விளையாடிக்கொண்டிருந்தாள். "ஆமா, சொல்லுங்க... எந்த ஊரு? ஓ... அங்க எந்தத் தெரு?" கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் நிறுத்தினாள், பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி, "சரி சரி, பார்க்கலாம்" என்றாள். நிறுத்தம், குரல் இறக்கம், கடைசியில் வரும் அந்தப் "பார்க்கலாம்", மூன்றும் அச்சு அசல் நான்தான். வீடு வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களிடம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். அவளுக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியாது, ஆனால் தெருப் பெயருக்குப் பிறகு குரல் மாறும் என்பது தெரிந்திருந்தது. குழந்தை பாடம் படிப்பது நாம் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் மட்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். வேலைக்கு வரும் அம்மாவுக்கு எந்த டம்ளர், கல்யாணப் பேச்சில் "நம்மாளுகளா?" என்று கேட்கும் சித்தப்பா, ஒரு பெயரைக் கேட்டதும் அடுப்படியில் நடக்கும் கண் ஜாடை, இதையெல்லாம் அது பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் வீட்டில் இதெல்லாம் இருக்கிறது என்று சொல்லவில்லை. "பேசுவதில்லை" என்பது போதுமான சாட்சி இல்லை என்கிறேன்.

இப்போது டாஜ்ஃபெல். அவருடைய சோதனையைவிட அவர் வாழ்க்கைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். 1919இல் போலந்தில் பிறந்த யூதர். பிரான்சுக்குப் படிக்கப் போன இடத்தில் போர் வந்தது, பிரெஞ்சுப் படையில் சேர்ந்து 1940இல் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். போலந்து யூதர் என்பதை மறைத்து, பிரெஞ்சு யூதராகக் காட்டிக்கொண்டு கைதி முகாம்களில் காலம் தள்ளினார். திரும்பி வந்தபோது குடும்பத்தில் அநேகமாக எல்லோரும் கொல்லப்பட்டிருந்தார்கள். முகாம் காவலரோடு எவ்வளவு பழகியிருந்தாலும், தான் எந்த வகை ஆள் என்று தெரிந்த அடுத்த நிமிஷம் அந்தப் பழக்கம் செல்லாக்காசாகிவிடும் என்ற அர்த்தத்தில் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அவர் இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு, 1970, 71இல் வெளிவந்த சோதனைகள் இவை. முதல் சோதனையில் 64 பையன்கள், வயது 14, 15. உங்கள் மகன் வயதுதான். திரையில் மின்னி மறையும் புள்ளிகள் எத்தனை என்று ஊகிக்கச் சொன்னார்கள். பிறகு, நீ கூட்டிச் சொல்கிறவன், நீ குறைத்துச் சொல்கிறவன் என்று பிரித்தார்கள். அந்தப் பிரிவும் பொய், குலுக்கிப் போட்ட மாதிரிதான். அடுத்த சோதனையில் க்ளே, கண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களில் யார் படம் பிடிக்கிறது என்று கேட்டுப் பிரித்ததாகச் சொன்னார்கள். தன் கூட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது, பேசிக்கொள்ளவும் முடியாது. ஒவ்வொருவனும் தனியாக உட்கார்ந்து வேறு இரண்டு பேருக்குக் காசு பங்கிட வேண்டும், தனக்கு ஒன்றும் எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு அட்டவணையில் ஒரு கோடியில் நம்ம ஆளுக்கு 19, அவன் ஆளுக்கு 25. மறு கோடியில் நம்ம ஆளுக்கு 7, அவன் ஆளுக்கு 1. நம்ம ஆள் நிறைய வாங்கட்டும் என்று நினைத்தால் 19ஐத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். பலரும் அந்தப் பக்கம் போகவில்லை. 12க்கு 11 மாதிரியான இடங்கள் நோக்கிச் சாய்ந்தார்கள். நம்ம ஆளுக்குக் குறைந்தாலும் பரவாயில்லை, அவன் ஆளைவிட ஒன்றாவது கூடுதலாக வர வேண்டும். முன்பகை கிடையாது, சண்டை கிடையாது, ஒரு பெயர் மட்டும் ஒட்டியதற்கே இது.

இதை வைத்துத்தான் டாஜ்ஃபெலும் ஜான் டர்னரும் 1979இல் சமூக அடையாளக் கோட்பாட்டை எழுதினார்கள். நான் யார் என்ற பதிலில் ஒரு பங்கு, நான் எந்தக் கூட்டம் என்பது. கூட்டத்தின் மதிப்பு ஏறினால் என் மதிப்பும் ஏறும். டர்னர் பிறகு இதை இன்னும் நீட்டினார். அவர் சொன்னதில் உங்களுக்கு வேண்டிய பகுதி: ஒரு கூட்டத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டதும், அந்தக் கூட்டத்து ஆள் எப்படி இருப்பான் என்று மனசில் ஒரு அச்சு விழுகிறது, அதன்படி என்னை நானே வார்த்துக்கொள்கிறேன்.

இங்கேதான் தங்கையும் தோழியும் ஒரே ஆளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது தெரியும். பண்டூரா சொல்லும் கற்றலில் முதல் படி கவனம். கண்முன் நூறு பேர் நடமாடுகிறார்கள், அதில் யாரைக் கவனிப்பது? அதைத் தீர்மானிப்பதில் கூட்டத்துக்குப் பெரிய கை இருக்கிறது. 2013இல் வந்த ஒரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. 14 மாதக் குழந்தைகள். ஒருவர் குழந்தையின் தாய்மொழியில் கதை சொல்கிறார், இன்னொருவர் புரியாத மொழியில். அப்புறம் கதை சொன்னவர் தலையால் முட்டி விளக்கைப் போடுகிற மாதிரி ஏதாவது விசித்திரமாகச் செய்து காட்டுகிறார். நம்ம மொழி பேசியவர் செய்ததைத்தான் குழந்தைகள் அதிகம் திருப்பிச் செய்தன. நடக்கப் பழகும் வயதிலேயே, யாரைப் பார்த்துச் செய்வது என்று ஒரு வடிகட்டி வேலை செய்கிறது.

எனவே என் பதில்: உங்கள் மகன் பார்த்துத்தான் கற்றான், நிறைய இடத்தில், நிறைய நாளாக, நல்லதும் கெட்டதும் சேர்த்து. அந்த மூட்டையிலிருந்து எதை எடுத்து வெளியே காட்டுவது, யாருக்குக் காட்டினால் மதிப்பு என்பதை இப்போது சேர்ந்திருக்கும் கூட்டம் சொல்கிறது. பண்டூரா குழந்தைகளுக்குக் கொடுத்த ஸ்டிக்கரும் ஜூஸும் இருந்த இடத்தில் இன்று "நம்ம பசங்க" என்ற வார்த்தை இருக்கிறது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு, என் அறைக்கு அனுப்பிவைத்திருந்தார்கள். தலைமை ஆசிரியர் வாசலில் நிற்கும்வரை கயிற்றை முழங்கைவரை ஏற்றி முழுக்கைச் சட்டைக்குள் மறைத்திருந்தான். அவர் போனதும் பேசிக்கொண்டே விரலால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கி மணிக்கட்டில் கொண்டுவந்து நிறுத்தினான். சாயம் போய், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கயிறு. எதற்கு இது என்று கேட்டேன். பெருமை, வரலாறு, பரம்பரை என்று ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன். "இது இருந்தா பஸ் ஸ்டாண்டுல எவனும் கை வைக்க மாட்டான் சார்" என்றான். போன வருஷம் அங்கே ஒருமுறை அடிவாங்கியிருக்கிறான். அன்றைக்குக் கூட வந்து நின்றவர்கள் கட்டிவிட்ட கயிறு அது.

கோட்பாட்டில் உறுதியானது எது, சந்தேகத்துக்குரியது எது என்று பிரிக்கும்போது அந்தப் பையன் எனக்கு உதவுகிறான். பெயர் ஒட்டினாலே நம்மாள் பக்கம் சாய்வோம் என்பது உறுதி, பல நாடுகளில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தது. ஏன் சாய்கிறோம் என்பதில்தான் சண்டை. சுயமதிப்பு ஏறுவதற்காக என்ற பழைய விளக்கத்துக்குச் சான்றுகள் முன்னும் பின்னுமாக இருக்கின்றன. ஜப்பானிய உளவியலாளர் தோஷியோ யமகிஷி வேறு மாதிரி சொன்னார்: நான் நம்மாளுக்குச் செய்தால் நம்மாளில் யாராவது நாளைக்கு எனக்குச் செய்வான் என்ற எதிர்பார்ப்புதான் காரணம். பஸ் ஸ்டாண்டுப் பையனைப் பார்த்த பிறகு நான் யமகிஷி பக்கம்தான். புத்தகம் முழுக்கப் பெருமை பற்றிப் பேசுகிறது, என் அறைக்கு வந்த பையன்கள் பயம் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

பண்டூரா பக்கமும் அப்படியே. பார்த்துக் கற்கிறோம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பொம்மை அடிப்பதற்கென்றே செய்த பொம்மை, சோதனை நடந்தது சில நிமிஷம். அதை வைத்து, ரீல்ஸ் பார்த்தால் பையன் அரிவாள் எடுப்பான் என்று சொல்வது தாவல். மூளையில் "கண்ணாடி நரம்பணு" இருக்கிறது, அதனால்தான் பிள்ளைகள் காப்பியடிக்கிறார்கள் என்று மேடைகளில் அடித்துவிடுகிறார்களே, அதையும் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். இத்தாலியின் பார்மா நகரில் குரங்குகளிடம் கண்டுபிடித்தது அது, மனிதக் குழந்தை பழக்கவழக்கம் கற்பதுவரை அதை இழுப்பதற்கு ஆதாரம் போதாது. இன்னொன்று, இரண்டு கூட்டமாகப் பிரித்துப் போட்டியில் இறக்கினால் பையன்கள் அடித்துக்கொள்வார்கள் என்பதற்கு, உளவியலாளர் முசாபர் ஷெரிஃப் 1954இல் ஓக்லஹோமாவில் 22 சிறுவர்களை வைத்து நடத்திய முகாமைச் சொல்வார்கள். அதற்கு முந்தைய வருஷம் அவரே நடத்திய இன்னொரு முகாமில், எவ்வளவு தூண்டியும் பையன்கள் சண்டைக்குப் போகவில்லை. அதைப் பாடப்புத்தகங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. டாஜ்ஃபெலின் இரண்டு கூட்டமும் சமம். அந்த அட்டவணையில் நிலம் இல்லை, கிணறு இல்லை, மயானம் இல்லை, எந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்கலாம் என்பதும் இல்லை. சாதி அப்படி இல்லையே. அதனால் "எல்லாப் பையன்களும்தான் கயிறு கட்டுகிறார்கள், எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லும் ஆசிரியரோடு எனக்கு ஒத்துப்போகாது. மேலே இருக்கும் கூட்டத்துப் பையன் கையில் இருக்கும் கயிறு ஒரு எச்சரிக்கைப் பலகை. கீழே தள்ளப்பட்ட கூட்டத்துப் பையன் கட்டுவது பெரும்பாலும் அதற்கு எதிர்ப்பேச்சு. உளவியல் இரண்டையும் ஒரே பெயரில் அழைக்கலாம், ஊர் அழைக்காது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு பட்டியல் சாதி மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த மாணவர்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பள்ளியில் கலர் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி மூன்றையும் தடை செய்யச் சொன்னது. பள்ளிக்குள் தடை வேண்டும் என்பதுதான் என் கருத்தும், ஏனென்றால் பயந்த பையனுக்கு அது "ஸ்கூல்ல விடல" என்று கழற்றிவைக்க ஒரு சாக்கு கொடுக்கிறது. வீட்டில் அப்பா கத்தரிக்கோல் எடுப்பது வேறு. நான் பார்த்தவரை, வெட்டிய வீட்டுப் பையன்கள் மறுவாரம் இன்னும் தடித்த கயிற்றோடு வந்தார்கள்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், பேச வைப்பதைவிடச் சேர்த்து விளையாட வைப்பதில் எனக்கு நம்பிக்கை அதிகம். இதற்கு நம் நாட்டிலேயே நல்ல ஆய்வு இருக்கிறது. மேட் லோ என்ற பொருளியலாளர் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 1,261 இளைஞர்களை வைத்து கிரிக்கெட் லீக் பற்றி ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார். குலுக்கல் முறையில் சில அணிகள் ஒரே சாதி, சில அணிகள் கலப்பு. ஒரே அணியில் சேர்ந்து ஆடியவர்களிடையே சாதி தாண்டிய நட்பு கூடியது, ஆட்டத்தில் யாருக்குப் பரிசு என்ற வாக்கெடுப்பில் தன் சாதிக்காரனுக்கே ஓட்டுப்போடும் சாய்வு குறைந்தது. எதிரணியாக மட்டும் சந்தித்தவர்களிடம் அந்த நல்லது நடக்கவில்லை, பெரும்பாலும் அதற்கு நேர்மாறாகவே போனது. ஆகவே தெரு அணிக்கும் தெரு அணிக்கும் மேட்ச் வைத்து "ஒற்றுமைக் கோப்பை" கொடுக்கும் ஏற்பாட்டுக்கு நான் கைதட்ட மாட்டேன். மகன் பள்ளியில் வாலிபால், கபடி, என்.சி.சி. எதுவாக இருந்தாலும், அணியைக் கலந்து போடும் ஒரு உடற்கல்வி ஆசிரியர் இருந்தால் அவரைப் பிடியுங்கள்.

உங்கள் தப்பு இருக்கிறதா என்றால், ஒரு பங்கு இருக்கலாம், எனக்கு இருந்த மாதிரி. அதைச் சரிசெய்யும் வழியும் பார்க்க வைப்பதுதான், உட்காரவைத்துச் சொற்பொழிவு செய்வதில்லை. அவன் "அவனுங்க" என்று சொல்லும் கூட்டத்தில் உங்களுக்கு ஒரு நண்பர் இருந்தால், அவர் உங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு அவன் பார்த்திருக்கிறானா? இல்லையென்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. மிரட்டல், ஆயுதம், இன்னொரு பையனைக் குறிவைத்த பேச்சு என்று ஏதாவது காதில் விழுந்தால் மட்டும் இந்தப் பொறுமையெல்லாம் வேண்டாம், அன்றே தலைமை ஆசிரியரிடம் போங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவரைக்கும் ஒரே ஒரு கேள்வி போதும். ஏன் கட்டினாய் என்று கேட்காதீர்கள், அதற்கு அவனிடம் தயார்ப் பதில் இருக்கும். யார் கட்டிவிட்டது, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள், சாப்பிடும்போது, முகத்தைப் பார்க்காமல். பெயர் எனக்கு வேண்டாம், அந்த ஆளின் வயது மட்டும் தெரிந்தால் எழுதுங்கள். கூடப் படிக்கும் பையன் கட்டியதாக இருந்தால் மேலே சொன்னது பொருந்தும். முப்பது வயது ஆள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று கட்டிவிட்டுப் போயிருந்தால், அது வேறு கதை, அதற்கு என் பதிலும் வேறு.